விறகுக் கொட்டகை வரை

ரைலி கார்ப்பினென் பள்ளிக்கூடச் சமையல்காரி. ஹோய்க்கான்வாரா ஊரில் வளர்ந்த இளவட்டங்களில் அவள் கையால் வியாழக்கிழமை பட்டாணி சூப் குடிக்காதவர்கள் கிடையாது. ஆள் குள்ளம், தோள் அகலம், பேச்சில் சிக்கனம். அண்டா கழுவி முடித்த கையோடு காலில் ஸ்கீ சறுக்குக்கட்டைகளை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்விடுவாள். நவம்பர் கடைசியில் பனி தரையில் தங்க ஆரம்பித்தது முதல் ஏப்ரலில் அது சொதசொதக்கும் வரை அவளுக்கு அதுதான் பொழுது.

ஊராட்சி மெஷின் வைத்து வழித்துக் கொடுக்கும் தடத்தில் போவதை அவள் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. அவளுடையது காட்டு ஸ்கீ. அவளைவிட நீளம், உள்ளங்கை அகலம். இடுப்பளவு பனியிலும் புதையாது. வேகமெல்லாம் வராது. மரத்துக்கு மரம் வளைந்து, சரிவில் குறுக்கே ஏறி, சதுப்பு வந்தால் அதன் நட்டநடுவே நேராக இழுத்துக்கொண்டு போகலாம்.

புருஷன் ஆரி வடக்கே சுரங்க வேலைக்குப் போனவன் அங்கேயே இன்னொரு குடும்பம் பார்த்துக்கொண்டான். அதைப் பற்றி ரைலி யாரிடமும் அதிகம் சொன்னதில்லை. மகன் யூசோ அப்போது சின்னப் பையன். தன் பழைய ஸ்கீ ஒன்றை அறுத்துச் சின்னதாக்கி அவன் காலில் கட்டிவிட்டு, சனி ஞாயிறுகளில் பின்னாலேயே கூட்டிக்கொண்டு அலைந்தாள். ஒருமுறை, பனிக்குள் புதைந்து தூங்கிக்கொண்டிருந்த காட்டுக்கோழி ஒன்று அவன் ஸ்கீ நுனிக்கு முன்னால் வெடி வெடித்தாற்போல் கிளம்பிப் பறந்தது. பையன் மல்லாக்க விழுந்து, எழுந்திருக்க மாட்டாமல் சிரித்தான். தொப்பிக்குள், சட்டைக்குள் எல்லாம் பனி. அழுவானோ என்று ஓடிவந்த ரைலியும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தாள்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் அவன் அவளை முந்திப் போக ஆரம்பித்தான். அதற்குப் பிறகு மெல்ல மெல்லப் பேச்சு குறைந்தது. அந்த வயசில் எல்லாப் பையன்களும் அப்படித்தானே என்று அவளும் விட்டுவிட்டாள்.

பள்ளி முடித்ததும் ஊர்ப் பையன்களோடு அவனும் கட்டாய ராணுவப் பயிற்சிக்குப் போனான். மூன்றாம் வாரமே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பேருந்திலிருந்து இறங்கி, பையைத் தோளில் போட்டபடி வீட்டுக்குள் வந்து, "பசிக்கலம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்கு ஏறினான். இரண்டு நாள் தூங்கட்டும் என்று நினைத்தாள். பிறகு கோடை வரட்டும் என்று நினைத்தாள். கோடைகள் பல வந்து போயின. அவன் இறங்கி வருவது அவள் வேலைக்குப் போன நேரத்தில் குளிக்கவும், பிரிட்ஜைத் திறக்கவும்தான். சாயங்காலம் அவள் சாப்பாட்டுத் தட்டை மாடிப்படியில் வைப்பாள். காலையில் கழுவிய தட்டு அதே படியில் இருக்கும். கழுவித்தான் வைப்பான். அதை அவள் பெரிதாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரைப் பார்க்க இரண்டுமுறை காரில் ஏறியிருக்கிறான். முதல்முறை ஆஸ்பத்திரி வாசல் வரை வந்தான். இரண்டாம்முறை பெட்ரோல் பங்க் தாண்டவில்லை.

பள்ளிச் சமையலறையில் அவளோடு வேலை பார்க்கும் மர்யுத்துக்கு வாய் சும்மா இருக்காது. உருளைக்கிழங்கு உரிக்கும்போது கேட்பாள், "உன் மாடி வாடகைக்காரன் எப்படி இருக்கான்?"

"வாடகை தர்றதில்ல. சத்தமும் போடறதில்ல," என்பாள் ரைலி.

"எனக்கு ஒருத்தன் வாய்ச்சிருக்கானே, சத்தம் மட்டும்தான் போடறான். மாத்திக்கலாமா?"

ரைலி சிரிப்பாள். மர்யுத் கெட்டவள் இல்லை. அப்படிக் கேட்டுவிடுகிறவளே மேல், கேட்காமல் தலையைத் திருப்பிக்கொண்டு போகிறவர்களைவிட.

சனிக்கிழமைகளில் ரைலிக்கு இன்னொரு வேலை இருந்தது. அவள் வீட்டு விறகுக் கொட்டகைக்குப் பின்னாலிருந்துதான் இயற்கைத் தடம் தொடங்குகிறது. பைன் காட்டைக் கடந்து, ஹுக்கா சதுப்பைச் சுற்றிக்கொண்டு, குன்றடியில் இருக்கும் மரச் சாய்ப்புக்குப் போய்த் திரும்பும் வழி. தெற்கேயிருந்து வரும் ஜனங்களுக்குப் பனியில் நடக்க அகலமான பனிமிதியடிகளை மாட்டிவிட்டு, சாய்ப்புக்குக் கூட்டிப்போய், நெருப்பு மூட்டி, சாசேஜ் சுட்டுக் கொடுத்து, கரிப்பிடித்த கேத்தலில் காபி காய்ச்சிக் கொடுத்துத் திருப்பிக் கூட்டிவர வேண்டும். சாய்ப்புக்கு விறகு கொண்டுபோய்ப் போடுவதும், பனி ஸ்கூட்டர் ஓட்டித் தடத்தை அழுத்தி வைப்பதும் பக்கத்துப் பண்ணை வெய்யோவின் பொறுப்பு.

"ஹெல்சிங்கியிலேருந்து ரயிலேறி வந்து நம்மூர்ல நடக்கறாங்க. அங்க நடக்கறதுக்கு இடமில்லையாமா?" என்பான் வெய்யோ.

"அங்க நடந்தா உன் மூஞ்சியப் பாக்க முடியாதே," என்பாள் ரைலி.

ஒரு பிப்ரவரி வெள்ளிக்கிழமை அவள் வலது முழங்கால் பன் மாதிரி வீங்கியது. மறுநாள் எஸ்போவிலிருந்து நர்ஸுகள் சிலர் வருவதாக ஏற்பாடு. ராத்திரி முழுக்கப் பனி கொட்டியிருந்தது. வெய்யோவின் ஸ்கூட்டர் பெல்ட் அறுந்து கிடந்தது. யாராவது முன்னால் போய்ப் பனியை மிதித்து வழி செய்தாக வேண்டும். அவள் படியேறிப் போய்க் கதவுக்கு வெளியே நின்றாள்.

"யூசோ. எனக்கு முட்டி வீங்கியிருக்கு. இன்னைக்கு வழி வெட்ட ஆளில்ல. சாய்ப்பு வரைக்கும் முன்னாடி போறியா? பேச வேண்டியதில்ல. முன்னாடி போனாப் போதும்."

உள்ளே கம்ப்யூட்டர் விசிறியின் இரைச்சல். அவள் இறங்கி வந்து, வரவேண்டாம் என்று நர்ஸுகளுக்குச் சொல்லப் போனைக் கையில் எடுத்தாள். அப்போது படி கிறீச்சிட்டது. அவன் இறங்கி வந்துகொண்டிருந்தான். வெளுத்த முகம், தோள்வரை முடி. அவளுடைய அனோராக் குளிர்ச்சட்டை ஒன்றைத்தான் போட்டிருந்தான். மணிக்கட்டு வெளியே தெரிந்தது.

"ஸ்கீக்குத் தேய்க்கிற மெழுகு எங்க?" என்று கேட்டான்.

அன்றைக்கு வெயில் அடித்தது. அவன் முன்னால் போக, பனிமிதியடிகளோடு நர்ஸுகள் வாத்துக் கூட்டம் மாதிரிப் பின்தொடர, கடைசியில் ரைலி நொண்டிக்கொண்டு போனாள். அவளால் அவன் முதுகை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. வருஷக்கணக்காக ஸ்கீயைத் தொடாதவன், நேற்றுத்தான் கழற்றி வைத்தவன் மாதிரி போனான். சரிவில் குறுக்கே ஏறும் விதம், கிளையில் தேங்கிய பனி தலையில் விழாமல் கோலால் முதலில் தட்டிவிடும் விதம், எல்லாம் அப்படியே இருந்தது.

சாய்ப்பில் நெருப்பையும் அவனே மூட்டினான். சிவப்புத் தொப்பி போட்ட ஒரு நர்ஸ் வாய் நிறைய சாசேஜோடு அவனைக் கேட்டாள்: "இந்த வேலை இல்லாதப்ப என்ன பண்ணுவீங்க?"

ரைலிக்குக் கேத்தல் பிடித்த கை நின்றுவிட்டது.

"மாடியில இருப்பேன்," என்றான் யூசோ.

"மாடியிலயா? அங்க என்ன?"

"ஒண்ணுமில்ல. அங்கேருந்து பாத்தா காடு நல்லாத் தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பல் தெரியச் சிரித்தான். ரைலி எழுந்து, விறகு எடுப்பவளைப் போலச் சாய்ப்புக்குப் பின்னால் போய்ச் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

நர்ஸுகளை வேனில் ஏற்றி அனுப்பிய பிறகு, முற்றத்தில் ஸ்கீயைத் தட்டித் துடைத்துக்கொண்டிருந்தபோது, "அடுத்த சனிக்கிழமையும் ஒரு குழு வருது," என்றாள்.

"ம்," என்றான் அவன்.

அந்த "ம்" ஒரு வாரம் அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தது. கைக்கு எட்டும் நீளத்தில் அவனுக்குப் புது அனோராக் வாங்கினாள். அவன் ஸ்கீயின் கட்டுக்குப் புதுத் தோல் போட்டாள். சமையலறையில் பாட்டு முணுமுணுத்ததை மர்யுத் கவனித்துவிட்டு, "யாரவன்?" என்று கேட்டாள். ரைலி அடுத்த உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டாள். சொன்னால் கலைந்துவிடும் என்று பயம்.

சனிக்கிழமை காலை கதவைத் தட்டினாள். இன்னொருமுறை தட்டினாள்.

"இல்லம்மா," என்றது குரல்.

"முட்டி இன்னும் சரியாகலடா."

"வெய்யோ தடம் அழுத்திட்டார்ல. சத்தம் கேட்டுச்சு."

அவள் கதவில் நெற்றியை வைத்தாள். "போன வாரம் நல்லாத்தானே இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு. ஒரு நாள் நல்லா இருந்துச்சு. அவ்வளவுதான்."

"யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல."

"நான் ஏதாச்சும் தப்பா..."

"நீ ஒண்ணும் பண்ணலம்மா. யாரும் ஒண்ணும் பண்ணல. அதத்தான் சொல்றேன்."

புது அனோராக்கை அவள் கதவுப் பிடியில் மாட்டிவிட்டு இறங்கினாள். அது அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. வசந்தத்தில் அவளே எடுத்து மடித்து வைத்தாள். யாராவது ஏதாவது செய்திருந்தால் போய்ச் சண்டை போடலாம். தானே செய்திருந்தால் மன்னிப்புக் கேட்கலாம். யாரும் ஒன்றும் செய்யவில்லை என்றால் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த ஜனவரியில் ஒரு பெரிய காற்று அடித்தது. ஈரப்பனி ஏறிய மரங்கள் தடத்தின் குறுக்கே வளைந்தும் முறிந்தும் கிடந்தன. பின்னாலேயே குளிர் இறங்கி எல்லாம் இறுகிப் போயிற்று. குழு வருவதற்கு முன்னால் வழியைப் பார்த்து வைக்க வேண்டும் என்று, கைவாளும் தெர்மோஸுமாக ரைலி மதியத்துக்கு மேல் கிளம்பினாள். மூன்று மணிக்கெல்லாம் இருட்டிவிடும் காலம். சதுப்பைத் தாண்டிய சரிவில் இறங்கும்போது, பனிக்கு அடியில் கிடந்த ஒரு மரத்தண்டில் வலது ஸ்கீயின் நுனி சொருகிக்கொண்டது. ஸ்கீ அங்கேயே நிற்க, அவள் உடம்பு மட்டும் முன்னால் போயிற்று. முழங்காலுக்குள் ஏதோ பிய்ந்தது. அந்தச் சத்தத்தை அவள் காதாலேயே கேட்டாள்.

புரண்டு எழப் பார்த்தாள். கை தோள்வரை பனியில் புதைந்தது. ஸ்கீயின் தோல்வாரைக் கழற்றிக் காலை விடுவிப்பதற்குள் கண் இருட்டிக்கொண்டு வந்தது. எட்டிய மட்டும் கிளைகளை ஒடித்து இடுப்புக்கடியில் போட்டுக்கொண்டு, உள்சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தாள்.

வெய்யோ அன்றைக்குக் குஹ்மோ போயிருந்தான். அவசர எண்ணுக்கு அடித்தாலும் வண்டி காட்டுக்குள் வராது, கடைசியில் வெய்யோவின் ஸ்கூட்டரைத்தான் தேடுவார்கள். வீடோ சதுப்புக்கு அந்தப்பக்கம்தான். கொட்டகையில் விறகிழுக்கும் சறுக்குவண்டி இருந்தது. ஸ்கீ தெரிந்த ஒருவன் அதை இழுத்துக்கொண்டு அரை மணியில் வந்துவிடலாம். அவள் யூசோவுக்கு அடித்தாள்.

மணி அடித்து அடித்து நின்றது. அவன் போன் எடுப்பதில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் திரும்ப அடித்தாள். பிறகு, விரல் விறைக்க விறைக்க எழுத்தாக அனுப்பினாள்: 'சதுப்பு தாண்டி சரிவுல விழுந்துட்டேன். முட்டி போச்சு. சறுக்குவண்டிய எடுத்துட்டு வா.'

அனுப்பியதன் பக்கத்தில் இருந்த இரண்டு கோடுகள் நீலமாயின. அவன் படித்துவிட்டான்.

அவள் காத்திருந்தாள். வானம் நீலமாகி, சாம்பலாகி, மரங்களின் அடிப்பகுதி மறைந்தது. குளிரில் ஒரு பைன் மரம் படீரென்று விரிசல் விட்டது. ஒவ்வொரு சின்னச் சத்தத்துக்கும் ஸ்கீ வருகிறதென்று தலையைத் தூக்கினாள். தெர்மோஸில் காபி தீர்ந்தது. இடது கால் விரல்கள் வலிப்பது நின்றது. அது நல்லதற்கில்லை என்று அவளுக்குத் தெரியும். பிறகுதான் வெய்யோவைக் கூப்பிட்டாள்.

"சொல்லு," என்றான் அவன், முதல் மணியிலேயே எடுத்து. அவள் சொன்னாள். "தூங்கிடாத ரைலி. என்னை வைதுகிட்டே இரு. அதுக்கு விஷயமா இல்ல? நான் குஹ்மோலேருந்து திரும்பிட்டுத்தான் இருக்கேன், பாதி வழி வந்துட்டேன்."

ஸ்கூட்டர் விளக்கு மரங்களுக்கிடையே ஆடி ஆடி வந்தபோது நன்றாக இருட்டியிருந்தது. வெய்யோ அவளைக் கலைமான் தோலில் சுற்றிப் பின்வண்டியில் கிடத்தினான். சாலைக்குப் போகும் வழி அவள் வீட்டு முற்றத்தின் வழியாகத்தான்.

கொட்டகை அருகே வந்ததும் ஸ்கூட்டர் சட்டென்று வேகம் குறைந்தது. விளக்கு வெளிச்சத்தில் யூசோ நின்றுகொண்டிருந்தான். காலில் ஸ்கீ. இடுப்பில் சறுக்குவண்டியின் கயிறு. தலையில் தொப்பி இல்லை, கையில் உறை இல்லை. வீட்டுச் சட்டையோடு நின்றான். முடியும் இமையும் வெள்ளையாக உறைந்திருந்தன. அவனைச் சுற்றிப் பனி தரையோடு தரையாக மிதிபட்டிருந்தது. கொட்டகையிலிருந்து காட்டின் முதல் மரம் வரைக்கும் ஸ்கீத் தடம். முதல் மரத்திலிருந்து கொட்டகைக்குத் தடம். மறுபடியும் அங்கே, மறுபடியும் இங்கே. ஒன்றின்மேல் ஒன்றாக, பள்ளம் விழும் அளவுக்கு.

வெய்யோ ஸ்கூட்டரிலிருந்து எழுந்து நின்றான். "ஏன்டா, பெத்தவ அங்க விறைச்சுக் கிடக்கா, நீ இங்க என்னடா..."

"விடு, வெய்யோ," என்றாள் ரைலி.

யூசோவின் வாய் அசைந்தது. "போக முடியலம்மா," என்றான். "போயிடலாம்னுதான். போக முடியல."

"சரிடா. உள்ள போ. கைய வெந்நீர்ல வைக்காத, தண்ணி வெதுவெதுன்னு இருந்தாப் போதும்."

சாலையில் ஆம்புலன்ஸ் வரும்வரை வெய்யோ அவள் பக்கத்தில் குந்தியிருந்தான். அவனுக்குக் கோபம் ஆறவில்லை. ரைலி மேலே பார்த்துக்கொண்டு கிடந்தாள். அவன் வெளியே வராமலே இருந்திருந்தால் அவள் அவனைத் திட்டியிருப்பாள். ஒருவேளை வெறுத்தும் இருப்பாள். அதில் கொஞ்சம் சூடாவது இருந்திருக்கும். முதல் மரம் வரை வந்து வந்து திரும்பியவனை என்ன செய்வது? அவனால் முடிந்ததெல்லாம் அவ்வளவுதான். அம்மா காட்டில் சாகக் கிடந்தாலும் அவ்வளவுதான். அதுவரை ரைலி எத்தனையோ கணக்குப் போட்டு வைத்திருந்தாள். நல்ல டாக்டர் அமைந்தால், நல்ல பெண் அமைந்தால், ஏதாவது ஒரு அவசரம் வந்தால் எழுந்துவிடுவான் என்று. அந்த அவசரமும் வந்து போய்விட்டது.

கயானி ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குள் திருகாணி வைத்தார்கள். இடது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். அங்கேதான் சமூக நலப் பெண்மணி ஒருத்தி வந்து படுக்கையருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மெதுவான குரலில் வீட்டைப் பற்றிக் கேட்டாள். ரைலி முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னாள். கழுவி வைக்கும் தட்டைக்கூடச் சொன்னாள்.

"இது உங்க ஒருத்தரால தாங்கற விஷயமில்ல," என்றாள் அந்தப் பெண். "கயானியில துணைக்கு ஆள் வந்து போற ஃபிளாட்டுங்க இருக்கு. அவர்கிட்ட நாங்க பேசிப் பாக்கறோம்."

அவன் வரமாட்டேன் என்பான், கதவைத் திறக்கவே மாட்டான் என்று ரைலி நினைத்தாள். உள்ளுக்குள் அதைத்தான் வேண்டிக்கொண்டாள். அவனோ சரி என்றுவிட்டான். மூடிய வேனில், முகத்தை மறைக்கும் தொப்பி போட்டு, கண்ணை மூடிக்கொண்டு போனானாம். அவள் ஊன்றுகோலோடு வீடு திரும்பியபோது மாடியறை பெருக்கித் துடைத்திருந்தது. படுக்கை விரிப்பை மடித்து வைத்திருந்தான். சுவரில், படுக்கைத் தலைமாட்டுக்கு மேலே, அவன் தலை சாய்ந்து சாய்ந்து உண்டான எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

தடத்தின் வேலையை இப்போது ஊருக்குப் புதிதாக வந்த ஒரு இளம் தம்பதி பார்க்கிறார்கள். சனிக்கிழமைகளில் அவள் ஜன்னலுக்கு வெளியே பனிமிதியடிகளின் கரகரப்பும் தெற்கத்திப் பேச்சும் கேட்கும். ஒருமுறை அவளும் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பனிமிதியடிகளை மாட்டிப் பார்த்தாள். கொட்டகையைத் தாண்டி, மரங்கள் தொடங்கும் இடம் வரை போனாள். காலைத் தூக்க வரத்தான் செய்தது. இன்னும் கொஞ்ச தூரம் போயிருக்கலாம். ஆனால் அந்த இடத்தில் நின்று காட்டைப் பார்த்தபோது உள்ளே போவதற்கு ஒரு காரணமும் தோன்றவில்லை. சிறிது நேரம் நின்றாள். குளிர் ஏறியது. திரும்பிவிட்டாள்.

"முட்டி விடமாட்டேங்குதா?" என்று வெய்யோ கேட்டான்.

"ஆமா, முட்டிதான்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கயானிக்குக் கார் ஓட்டிப் போகிறாள். பின்சீட்டில் இறைச்சிக் குழம்பு டப்பாக்கள், கருப்பு ரொட்டி, துவைத்த துணி. ஃபிளாட் மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை. அவள் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறுவாள். மணி அடித்தால் உள்ளே விசிறி இரைச்சல் கேட்கும், பிறகு சங்கிலி சரசரக்கும். கதவு ஒரு கை நுழையும் அளவுக்குத் திறக்கும். கறுத்துப்போன விரல்நுனிகள் உள்ள கை வெளியே வந்து பையை வாங்கிக்கொள்ளும். சில வாரம் முகத்தில் பாதி தெரியும்.

"சாப்பிடறியா?"

"ம்."

"வெளிய போனியா?"

"குப்பை போட்டேன், செவ்வாய்க்கிழமை."

"நல்லது."

அதற்குமேலும் அவள் கொஞ்ச நேரம் நிற்பாள். அவனும் உடனே கதவைச் சாத்துவதில்லை. போன வாரம் அவள் திரும்பி இறங்கத் தொடங்கியபோது அவன் குரல் கேட்டது.

"அம்மா. ரோடு வழுக்கும். மெதுவாப் போ."

"சரிடா," என்றாள்.

கதவு சாத்திக்கொண்டது. சங்கிலி விழுந்தது. கீழே காரின் கண்ணாடி முழுக்கப் பனி படர்ந்திருந்தது. அவள் சுரண்டியை எடுத்து, முன்கண்ணாடியில் வழி தெரியும் அளவுக்குச் சுரண்டினாள்.